கத்தரிக்காயின் மேல் போட்ட பழி

கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் எனக்கு உயிர். அதன்மேல் நான் பழி போட்டதில் சொந்தப் பகை எதுவும் இல்லை என்பதை, விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா.

கோவையில் எங்கள் மருத்துவமனையில் யாருக்காவது மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால், அதை மேலிடத்துக்கு எழுதி அனுப்புவது என் வேலை. அது டாக்டர்மேல் புகார் அல்ல, அடுத்த நோயாளியைக் காப்பாற்றத்தான். நர்ஸ்களுக்கு இதை நானே வகுப்பெடுப்பேன். பிரமாதமாக எடுப்பேன் என்று பெயர் வேறு.

ஆனால் நான் மரியாதை தெரிந்தவன் பாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் எப்படி அனுப்புவது? டாக்டர் லட்சுமணசாமியின் அறைக்குப் போய், "ஏனுங்க சார், அனுப்பிப்போடட்டுங்களா?" என்று நிற்பேன்.

"சாப்பாட்டுல ஏதாச்சு சேராம இருந்திருக்குமுங்க" என்பார்.

சரிதான் என்று நோயாளியிடம் போய் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். கத்தரிக்காயோ கருவாடோ எப்படியும் அகப்பட்டுவிடும். எங்கள் மருத்துவமனையில் பக்கவிளைவே கிடையாது என்று ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

காங்கேயத்திலிருந்து பழனியாத்தாள் என்ற அம்மாவை மகள் ரித்திகா கூட்டிவந்தாள். யூரிக் ஆசிட்டுக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு உடம்பெல்லாம் சிவந்து, வாயெல்லாம் புண். நர்ஸ் நஃபீசா என்னைத் தனியே அழைத்தாள்.

"மாத்திரைதானுங்க சார். இன்னைக்கே நிறுத்தோணுமுங்க. டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

டாக்டர் அன்று தன் மகளின் நிச்சயதார்த்தத்தில் இருந்தார். பந்தியில் போய் இதைச் சொல்வது நாகரிகமா? ரித்திகாவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு என்றாள்.

"அதேதான் அம்மணி. அத நிறுத்திப்போட்டு மாத்திரைய மட்டும் விடாம குடுங்க."

சொன்னபடி விடாமல் கொடுத்தாள். அந்த அம்மா தோல் உரிந்து, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் இறந்துபோனார்.

துக்கம் கேட்கப் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. ரித்திகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானுங்க சார் கத்தரிக்காய ஆக்கிப்போட்டு எங்கம்மாவக் கொன்னுபோட்டேன்" என்று கதறினாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

"அழுவாத கண்ணு. தெரியாமச் செஞ்சுபோட்ட. அம்மா உன்னைய மன்னிச்சிருவாங்க" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மாத்திரைதான் என்று எனக்குத் தெரியும். நஃபீசா சொல்வதற்கு முன்பே தெரியும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஐயா. அந்தப் பெண்ணை மட்டும் ஒன்றும் கேட்காதீர்கள். பாவம், அவள் வேண்டுமென்று செய்யவில்லை.