ஸா நேரத்தில் அணைத்த அலாரம்

துலோ. துலோ. துலோ.

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே! வைமாசிமா ஊர்ச் சபையின் தலைவர்களே! இறந்தவருக்குக் காணிக்கையாக நுண்பாய்களைச் சுமந்துகொண்டு மழையில் நனைந்து வந்திருக்கும் சொந்தங்களே! மலைமேல் இருக்கும் ஒலிபரப்பு நிலையத்தின் என் தோழர்களே! முன்வரிசையில் கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து அமர்ந்திருக்கும் என் அண்ணி வைசுவா அவர்களே! வெளித்தீவுகளில் ரேடியோவைக் காதோடு வைத்து இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் தெரியாத அன்பர்களே! உங்கள் எல்லோர் முன்பும் குனிந்து நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். எசேக்கியேலு நல்லவர் என்றார்கள். உழைப்பாளி என்றார்கள். ஒருவர் அவரை மலை என்றார், இன்னொருவர் கடல் என்றார். மனுஷன் இருந்திருந்தால், "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா, நான் எங்கே நிக்கிறது?" என்று கேட்டிருப்பார். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிணத்துக்கு முன்னாலும் நம்மைச் சிரிக்கவைத்த மனிதர்தான் அவர். ஆனால் நான் சொல்லப்போவதைக் கேட்டபின் சிரிப்பீர்களா என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தோரு வருஷம், உறவுமுறையில் எனக்கு அண்ணனான அவரும் நானும் மலைமேல் அந்த ஒலிபரப்பு நிலையத்தில் பெருக்கியைக் காத்தோம். கீழே ஸ்டுடியோவில் பேசுகிறவரின் குரல் கம்பி வழியாக எங்களிடம் வரும்போது கொசுவின் சிறகடிப்பு அளவுதான் இருக்கும். அதை முந்நூறு மைல் கடலுக்கு அப்பால் போகும்படி ஊதிப் பெருக்குவது அந்தப் பெட்டி. பெட்டியா அது? ஒரு வீட்டறை அளவு இரும்பு! சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே பெரிய வால்வு செம்பருத்தி நிறத்தில் எரியும். பக்கத்தில் சின்ன வால்வுகள் ஊதா நிறத்தில் மினுக்கும். நாள் முழுக்க ஒரே சுருதியில் ஓர் இரைச்சல். அந்த இரைச்சலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், கண் திறந்திருக்கும்போதே கனவு வரும். எனக்கு வந்திருக்கிறது. கடல் எழுந்து வாசல்வரை வந்து நின்று காது கொடுத்துக் கேட்பதுபோல ஒரு கனவு. அண்ணனிடம் சொன்னேன். "கேட்டுட்டு என்னடா சொல்லிச்சு? சத்தம் போதுமாமா?" என்றார்.

அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் பெரியவர். பெரியவருக்குப் பசிக்குது, பெரியவருக்கு வேர்க்குது, பெரியவர் முணுமுணுக்கிறார்! நீங்கள் எல்லோரும் என் முன்னால் கடந்துபோகும்போது குனிந்து 'துலோ', மன்னியுங்கள் என்கிறீர்களே, அதே துலோவை அவர் அந்த இரும்புக்குச் சொல்வார். கரண்டை அணைத்தபின் கதவைத் திறக்கும் முன் குனிந்து, "துலோ, பெரியவரே" என்பார். அப்படியே ஐந்து மூச்சு நிற்பார். அதன்பிறகுதான் தரைக்கம்பியை உள்ளே தொடவைப்பார், கையை நீட்டுவார். அணைத்தபிறகும் அந்தப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் சாவு ஒளிந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தச் சாவு வடிந்துபோக ஆகும் நேரம்தான் அந்த ஐந்து மூச்சு. தலைநகரத்திலிருந்து வந்த பெரிய இன்ஜினியர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். சாயங்காலம் போகும்போது அவரும் துலோ சொல்லிவிட்டுத்தான் கதவைத் தொட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வீட்டு முள்கம்பி வேலி பாடும். பொய்யில்லை, சுற்றியிருக்கிறவர்களுக்குத் தெரியும். மலையடியில், ஒலிபரப்புக் கம்பத்துக்கு நேர் கீழே இருப்பதால் துருப்பிடித்த முடிச்சுகளில் எங்கள் ஒலிபரப்பு மெல்லக் கேட்கும். பிள்ளைகள் வேலியில் காதை வைத்துப் பாட்டுக் கேட்பார்கள். ரேடியோ வாங்காத ஒரே வானொலிக்காரர் எசேக்கியேலுதான்!

இனி, இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமைக்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது தவறான கதை.

மார்ச் மாதம். மூன்று நாளாக உப்புக்காற்று. கம்பத்தின் மின்சாரம் தரையில் இறங்காமல் தடுக்கும் அடிப்பீங்கானில் உப்பு அப்பிக் கிடந்தது. மத்தியானம் வானம் வெளுத்திருந்ததால் ஒன்பது படகுகள் சூரை மீனுக்குப் போயிருந்தன. அதில் ஒன்றில் என் தம்பி மிகாயேலே. அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு இறங்கிவிட்டார். பெருக்கியின் பக்கத்தில் நான் மட்டும்.

மாலை ஆறரைக்கு இரண்டாவது சங்கு ஊதினார்கள். ஸா, ஊரே அடங்கும் மாலை ஜெப நேரம், தொடங்கிவிட்டது. நம் ஊர் ஸா எப்படிப்பட்டது! நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். சாலையில் ஒருவர் நடக்கக்கூடாது, அடுப்பில் ஒரு சட்டி தட்டக்கூடாது. கோயிலிலிருந்து ஜெபமும் பாட்டும் நேரடியாக எங்கள் பெருக்கி வழியாகத் தீவுகளெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மஞ்சள் விளக்கு எரிந்தது. அலாரம் அலறியது. திரும்பும் அலை கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அனுப்பியது கம்பத்தில் ஏறாமல் நம்மிடமே திரும்பி வருகிறது. போதகர் வீட்டுக்கு அனுப்பிய சாப்பாட்டுக் கூடை அப்படியே திரும்பி வந்தால், எங்கேயோ ஏதோ கோளாறு என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியாதா? எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? அலாரத்தின் வாயை அடைத்தேன்! மலைமேல் அலறினால் ஊர் முழுக்கக் கேட்குமே, ஸா நேரத்தில் சத்தமா என்று சபை கேட்குமே என்று பயந்தேன்.

பெருக்கி தன்னைத்தானே ஒரு நொடி அணைத்துக்கொண்டு மறுபடி எழுந்தது. ஜெபத்தில் ஒரு வார்த்தை அறுந்தது. மறுபடி அணைந்தது. ஆண்டவர் பெயரிலேயே பாதி அறுந்தது. மூன்றாவது முறை வந்தால் முழுக்கப் பூட்டிக்கொள்ளும், யாராவது வந்து பார்த்தால்தான் திறக்கும். அதுதான் அதன் காவல். அந்தக் காவலை ஒதுக்கிவைக்க ஒரு சாவி உண்டு. அதை நான் திருப்பினேன்.

ஆம். நான். எசேக்கியேலு அல்ல. தௌவாலோ என்ற பட்டத்தோடு இந்தப் பேச்சாளர் கோலைப் பிடித்து உங்கள் முன் நிற்கும் இந்த ஃபெரெத்தி!

ஜெபம் அறுபடாமல் போயிற்று. ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தேன். அடியில் பீங்கானைச் சுற்றி நீல நெருப்பு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த நெருப்பு ஜெபம் செய்தது, அன்பர்களே! நம் போதகரின் குரல் அந்த நெருப்பிலிருந்து வந்தது. அந்தியில், கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருக்கும்போது, நெருப்பு நாக்கு ஒன்று 'எங்களைக் காத்தருளும்' என்று சொல்லிக்கொண்டு ஆடியது. அத்தனை அழகு. நான் சொக்கிப்போய் நின்றேன். அந்த நேரத்தில் பெரியவர் உள்ளே வெந்துகொண்டிருந்தார்.

பிறகு டமார் என்று ஒரு சத்தம். எல்லாம் இருண்டது. அந்த இரைச்சல் நின்றதும் என் காதில் விழுந்த அமைதி இருக்கிறதே, அது இன்றும் போகவில்லை.

தொலைபேசி அடித்தது. வானிலை அலுவலகம். "புயல் திரும்பிடுச்சு. உங்க பக்கம்தான் வருது. படகெல்லாம் உடனே ஒதுங்கச் சொல்லி அறிவிங்க." எதைக்கொண்டு அறிவிப்பது?

கீழே அண்ணன் குடும்பத்தோடு ஜெபத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேலியில் பாட்டு கரகரத்தது, பிறகு செத்தது. அவ்வளவுதான். பாதி ஜெபத்தில் எழுந்து, மலைக்குப் போகும் ஊர் நடுத்தெருவில், ஸா நேரத்தில், சட்டைகூட இல்லாமல் ஓடினார். ஸாவுக்குக் காவல் நின்றவர்கள் மறித்தார்கள். ஒருவரைத் தள்ளிவிட்டு ஓடினார். அந்தத் தள்ளலைத்தானே நீங்கள் இருபத்தாறு வருஷம் பேசினீர்கள்?

உள்ளே வந்ததும் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் புயல் என்றேன், மிகாயேலே என்றேன். கரண்டை அணைத்தார். கதவுக்கு முன்னால் குனிந்தார். "துலோ, பெரியவரே."

"அண்ணே, இப்பவா துலோ! என் தம்பி கடல்ல இருக்கான்!" என்று கத்தினேன்.

ஐந்து மூச்சு முடிந்தபிறகுதான் பதில் சொன்னார். "நான் செத்துட்டா வால்வை யாருடா மாத்துவா, நீயா? போ, நல்லதண்ணி எடுத்துட்டுப் போய் பீங்கானைக் கழுவு. உப்பு ஒரு பொட்டு இருக்கக்கூடாது."

கழுவிவிட்டு வந்தேன். கருகிய வால்வு தரையில் கிடந்தது. புதியது உள்ளே. அதற்கு முதலில் இழையைச் சூடாக்க வேண்டும். எங்கள் பெருக்கிக்கு ஏழு நிமிடம். அவசரப்பட்டால் அதுவும் போகும், நிலையத்தில் வேறு வால்வு இல்லை. நான் கைகூப்பினேன். "அண்ணே, சீக்கிரம்."

"பதறாத காரியம் சிதறாதுடா. உக்காரு."

ஏழு நிமிடம்! உங்களில் யாராவது ஏழு நிமிடத்தின் நீளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குள் முதலில் ஒரு நூல் சிவந்தது. அப்புறம் மெல்ல மெல்ல விடியல்போல நிறம் பரவியது. வெளியே ஊர் மௌனமாக இருந்தது. நாங்கள் இருவரும் தரையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றே தெரியவில்லை.

கால்பங்கு சக்தியில்தான் விட்டார். திரும்பும் அலை முள்ளின்மேல் ஒரு கண். சோதனைக்கு வைத்திருந்த மைக்கை எடுத்து அவரே பேசினார். கடலில் இருந்த ஒன்பது படகுகளும் கேட்ட வார்த்தைகள் இவை: "துலோ, ஜெபத்துக்குக் குறுக்கே வர்றேன், மன்னிச்சுக்குங்க. கடல்ல இருக்கிறவங்க எல்லாரும் உடனே திட்டுக்குள்ள வந்துடுங்க. புயல் திரும்பிடுச்சு."

ஒன்பது படகும் பவளத்திட்டுக்குள் ஒதுங்கின. அதோ மூன்றாவது வரிசையில், தலை நரைத்து, பேரக்குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் மிகாயேலே. தம்பி, இன்றுவரை உனக்கும் நான் சொல்லவில்லை.

மறுநாள் விசாரணை. பதிவேட்டை விரித்துவைத்தார்கள். அதில் அண்ணன் கையெழுத்தில் ஒரே வரி: 'எச்சரிக்கையை மீறி ஓடும்படி சாவியைத் திருப்பிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனது நான்.' நான் வாயைத் திறக்கப்போனேன். வாசலுக்கு இழுத்துப்போய், "உனக்குக் கைக்குழந்தை இருக்கு. வேலை போனா என்ன பண்ணுவ? எனக்குத் திட்டு மட்டும்தான் கிடைக்கும், போடா" என்றார்.

திட்டு மட்டுமா கிடைத்தது? அந்த மாதம்தான் நம் குடும்பம் கூடித் தௌவாலோ பட்டத்தை அவருக்குக் கொடுப்பதாக இருந்தது. ஸாவை மீறியவன், காவல்காரனைத் தள்ளியவன், வால்வை எரித்தவன், இவனுக்கா பட்டம் என்றீர்கள். அடுத்தவன் யார் என்று பார்த்தீர்கள். நான் இருந்தேன். வாங்கிக்கொண்டேன். அண்ணன்தான் முதலில் வந்து என் கழுத்தில் மாலை போட்டார்.

அவருக்கு அந்தப் பட்டத்தில் ஆசையே இல்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். போன வாரம் அண்ணி சொன்னார்கள்: "அதுக்கு முந்தின வருஷம் முழுக்கத் துடைப்பக்கட்டையைக் கோல் மாதிரி பிடிச்சுக்கிட்டுப் பேசிப் பேசிப் பழகினாரு, ஃபெரெத்தி. பெரியவர் முன்னாடி நின்னு பேசினா நல்லா வருதுன்னு சொல்வாரு. அப்புறம் பேசவே இல்ல." என் வெட்கத்தை எந்த வார்த்தையில் சொல்வேன்?

எசேக்கியேலு எத்தனையோ எச்சரிக்கைகளைக் கேட்டார், ஒன்றைக்கூட அலட்சியம் செய்யவில்லை. நான் ஒன்றின் வாயை அடைத்தேன். அதோடு நின்றேனா? இருபத்தாறு வருஷம் என் நெஞ்சில் அடித்த மணியையும் அடைத்தேன்!

சபையோரே, இந்தக் கோலை அவர் கிடக்கும் பாயின்மேல் வைக்கிறேன். இறந்தவருக்குப் பட்டம் கொடுக்க முடியுமா? எனக்குத் தெரியாது. குடும்பம் கூடிப் பேசட்டும். என்னிடம் அது இருக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். இன்று மாலை சங்கு ஊதி, ஊர் அடங்கி, நீங்கள் தலை குனிந்தபின், மலையிலிருந்து அலாரம் ஒருமுறை அலறும். அடிப்பது நான்தான். யாரும் முகம் சுளிக்காதீர்கள். இனி ஸா நேரத்திலும் அந்தச் சத்தத்துக்கு இந்த ஊரில் இடம் வேண்டும், அதைக் கேட்டு ஓடுகிறவனுக்கு நடுத்தெருவில் வழி வேண்டும். அனுமதி தாருங்கள். நாங்கள் மலைமேல் இருக்கும்வரை எந்த எச்சரிக்கையையும் அடைக்கமாட்டோம் என்று அவர் காலடியில் சத்தியம் செய்கிறோம்.

மௌன அஞ்சலிக்கு இரண்டு நிமிடம் என்று அச்சடித்திருக்கிறார்கள். அது அவருக்கு வேண்டாம். எல்லோரும் எழுந்து குனியுங்கள். தீவுகளில் கேட்பவர்களும் குனியுங்கள். பெரியவருக்கு அவர் கொடுத்ததை நாம் அவருக்குக் கொடுப்போம்.

துலோ, அண்ணே.

ஐந்து மூச்சு.