ஆறு பேர் துணை

ரேணிகுண்டா ஸ்டேஷனில் டிக்கெட் வரிசை. நகரி ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். எனக்கு முன்னால் நின்றவர், ஊருக்குக் கிளம்பிய மனைவியிடம், "நான் வரணும்னா அந்த ஆறு பேரும் வரணும்" என்றார்.

"பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு வர உனக்கு ஆறு பேர் துணையா?"

"சாராயத்தை வுட்டு எட்டு மாசம்தான் ஆவுது. அவங்களும் வுட்டவங்க. ஒரே வூட்ல ஆக்கித் துன்னுக்கினு, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு கீறோம். கல்யாணத்துல எவனாவது ஊத்திக் குடுத்தா, தனியா வேணாம்னு சொல்ல எனக்கு பயமா கீது."

அந்த அம்மாள் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். வரிசை இரண்டடி நகர்ந்தது.

"அப்ப ரெண்டு நாள் முன்னாடியே எல்லாரையும் கூட்டினு வா. பந்தல் போட நம்ம வூட்ல ஆம்பள யாரு கீறாங்க?"