பிரிக்க முடியாத இரண்டு குதிரைகள்

மார்ச் பன்னிரண்டு, காலை 8.20. தூறல், தேயிலை மலையின் மேல் பாதி பனிமூட்டத்தில். தானா ராத்தாவிலிருந்து கம்போங் ராஜா போகும் பேருந்தில் பதினொரு பேர். எனக்கு முன் இருக்கையில், முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர். அவர் பக்கத்தில், திரிங்காப்பில் பூ பயிரிடும் ஒரு பெண்.

"சாணி எவ்வளவுண்ணே போடும்?" என்று அவள் கேட்டதும் நாளிதழை மடித்தேன்.

"குட்டைக் குதிரைதானே தங்கச்சி. ஒரு நாளைக்கு ஒன்னு ஒரு வாளி போடும். டூரிஸ்ட் புள்ளைங்கள சுமந்ததுங்க, ரொம்ப சாது. இந்தக் கால வச்சிக்கிட்டு இனிமே என்னால பாத்துக்க முடியல."

"எனக்கு ஒன்னு போதும் லா."

"பிரிக்காதம்மா. போன மாசம் ஒன்ன மட்டும் ஒருத்தருக்குக் குடுத்தேன். நாலு நாள் ரெண்டும் புல்லத் தொடல. திருப்பிக் கூட்டியாந்துட்டேன்."

பிரிஞ்சாங் வந்தது. நான் இறங்க வேண்டிய இடம், இறங்கவில்லை.

"கெட்ட பழக்கம் ஏதாச்சும்?"

"யாராச்சும் ஃபோனத் தூக்கினா நடுவழியில நின்னுடுங்க. போட்டோ எடுக்கிறாங்கன்னு நெனைப்பு."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான்." சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "பூச்செடிக்குக் கோழிச்சாணி போட்டா ஈ மொய்க்குதுன்னு பக்கத்துல சண்டைக்கு வர்றாங்க. சரி, ரெண்டையும் குடுங்க. நாளைக்குப் பூ எறக்கிட்டு லோரி காலியாத்தான் வரும், அதுல ஏத்திக்கிறேன்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்பப்ப வந்து பாத்துக்கலாமா?"

"சோத்து நேரத்துக்கு வாங்கண்ணே."

திரிங்காப்பில் நானும் இறங்கி, திரும்பும் பேருந்துக்காக நாற்பது நிமிடம் நனைந்தேன். கூடுதல் செலவு மூன்று ரிங்கிட் அறுபது சென்.