இருபத்தி நாலுக்குள்ள

— தேவலாம்னு அவரு சொன்னா நீங்களும் தேவலாம்னே எழுதிக்கறதா மேடம்? நல்லா இருக்கே கூத்து!

— சௌந்தரநாயகி அம்மா, மொதல்ல உக்காருங்க. உங்க வீட்டுக்காரரு இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரு. ஒரு தடவை சிரிக்கக்கூட செஞ்சாரு.

— எங்க திருப்பனந்தாள் பக்கம் எழவு வீட்டுல போய்க் கேட்டாலும் தேவலாம்னுதான் சொல்லுவாங்க. கேக்கறவங்க சீக்கிரம் எந்திரிச்சுப் போவட்டும்னு. படிச்சவங்க நீங்க, இது தெரியாதா?

— பாருங்கம்மா, இது என் இஷ்டத்துக்கு எழுதறது இல்ல. பன்னண்டு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் சைபர்லேருந்து நாலு வரைக்கும் மார்க். மார்க் ஏற ஏற மனசு நோவு ஜாஸ்தி. சேர்த்த அன்னிக்கு இருபத்திமூணு இருந்தாரு, இப்ப ஒம்பது. பத்துக்குக் கீழ வந்துட்டா வீட்டுக்கு அனுப்பிடணும். நானும் டாக்டரும் தனித்தனியாத்தான் போட்டோம். ரெண்டு பேருக்கும் ஒம்பதுதான் வந்துச்சு.

— ரெண்டு பேரும் ஒரே தப்பைப் போட்டா அது சரியாயிடுமா?

— மேல இருக்கறவங்க அப்படித்தான் சொல்றாங்க. மாசக் கடைசியில எத்தனை பேருக்கு மார்க் கொறைஞ்சிருக்குன்னு மட்டும் பாப்பாங்க. ஆளை யாரு பாக்கறா?

— நான் பாக்கறேன்ல? இப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எனக்கு மிஞ்ச மாட்டாரு. அந்தத் தாளைப் படிங்க. ஒவ்வொண்ணாப் படிங்க, நான் சொல்றேன்.

— சரி, வீட்டு ஆளுங்க சொன்னா மார்க்கைத் திருத்த எனக்கு எடம் இருக்கு. குளியல், உடுப்பு. ஒண்ணு போட்டிருக்கேன்.

— வார்டு ஆளு தள்ளிட்டுப் போயி குழாயடியில நிறுத்தறாரு. அதுக்குப் பேரு குளியலா?

— மூணு. தூக்கம்? கண்ணை மூடிப் படுத்திருக்காருன்னு நர்ஸ் எழுதியிருக்காங்களே.

— மூடிக்கிட்டு முழிச்சிருப்பாரு. முப்பது வருஷமாப் பாக்கறேன்.

— நாலு. யாரோடயும் சண்டை சச்சரவு இல்ல, அது சைபர்.

— வாயைத் தொறந்தாத்தானேம்மா சண்டை வரும்? புளியஞ்சோறு வேணுமா தயிர்சோறு வேணுமான்னு கேட்டாக்கூட பேச்சு இல்ல.

— அப்ப பேச்சுக்கு மூணு போடறேன். அடுத்தது, வரப்போற நாளைப் பத்தின நெனப்பு. இதுக்கு நான் சந்தோஷமா சைபர் போட்டேன்மா. மேட்டூர்ல தண்ணி தொறந்ததும் நாத்து விடணும்னாரு. மொகத்துல ஒரு தெளிவு இருந்துச்சு.

— எந்த நெலத்துல? எங்களுது குத்தகை நெலம். ஆறு வருஷம் முன்னாடியே திருப்பிக் குடுத்தாச்சு. அந்த எடத்துல இப்ப பெட்ரோல் பங்க் நிக்குது.

— இதை எங்கிட்ட யாரும் சொல்லலையே.

— யாரு கேட்டா?

— தப்புதான்மா. நாலு... மத்ததெல்லாமும் கேட்டு எழுதிட்டேன், கடைசிக் கேள்வி ஒண்ணு பாக்கி. சாகணுங்கற எண்ணம். சைபர்னு இருக்கு.

— போன வாரம் கையைப் புடிச்சுக்கிட்டு, "என் செருப்பை யாருக்காச்சும் குடுத்துடு நாயகி, இனிமே எனக்கு எதுக்கு"ன்னாரு. புதுச் செருப்பு மேடம். பொங்கலுக்கு எடுத்தது.

— ஐயோ. நாலும்மா. ஆக மொத்தம் இருபத்தெட்டு.

— அப்பாடா! இங்கயே இருப்பாருல்ல?

— அதான் முடியாது. இருபத்தஞ்சு ஆயிட்டாலே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். பத்துலேருந்து இருபத்தி நாலுக்குள்ள இருந்தாத்தான் நம்ம வார்டு.

— மெட்ராஸா! வேணாம்மா. போன தடவை அங்கதான் அனுப்பினீங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கப் போனா, "யாரும்மா நீங்க"ன்னு கேட்டாரு என்னைய. ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடுவாரு, அங்க யாரு ஊட்டுவா? கொறைங்க மேடம். குளியலை ரெண்டாக்குங்க, நாளைலேருந்து நானே குளிப்பாட்டறேன்.

— இருபத்தேழு.

— தூக்கத்துலயும் ஒண்ணைத் தள்ளுங்க.

— இருபத்தாறு. அதுக்கு மேல தொட்டா டாக்டர் கண்டுபிடிச்சுடுவாரு. கத்திரிக்கா பேரம் மாதிரி ஆயிடுச்சு நம்ம வேலை, தூ.

— கடைசிக் கேள்வியைக் கொறைங்க. மனசுக்குள்ள இருக்கறது டாக்டருக்கு எப்படித் தெரியும்?

— அதுல ரெண்டு கொறைச்சா இருபத்தி நாலு வரும். ஆனா மூணோ நாலோ இருந்தாத்தான்மா ராத்திரி பக்கத்துல காவல் ஆளு போடுவாங்க. ரெண்டுக்கு யாரும் வரமாட்டாங்க.

— நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— ஆம்பளைங்க வார்டு. பொழுது சாஞ்சா பொம்பளைங்களை உள்ள விடமாட்டாங்க. உங்களுக்கு ஒரு பையன்னு எழுதியிருக்கே, திருமுருகன். இருக்கான்ல?

— இருக்கான்.

— ராத்திரி பக்கத்துல அவன் கண்ணசந்துடக் கூடாது. வெளையாட்டு இல்லம்மா இது.

— பெத்த அப்பனைப் புள்ள பாக்காம யாரு பாப்பா? போடுங்க மேடம். உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்.

— எந்திரிங்க, எந்திரிங்க. போட்டாச்சு. கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டேன், இனி அடுத்த மாசம் வரைக்கும் யாராலயும் மாத்த முடியாது. திருமுருகனை உள்ள வரச் சொல்லுங்க. ராத்திரி என்ன பாக்கணும்னு அவன்கிட்ட நானே சொல்லிடறேன்.

— அவன் வரமாட்டான் மேடம்.

— ஏம்மா, வெளியிலதானே நிக்கறான்? இருக்கான்னீங்களே!

— இருக்கான் மேடம். சிங்கப்பூர்ல இருக்கான்.