தபால் வண்டிக்கு முன்னால்

— நீ ஓடித்தான் வந்தேங்கிறதை நான் எப்படி நம்புதது, சுவிசேஷமுத்து? செய்துங்கநல்லூர்ல உன்னோட கிளம்பின தபால் வண்டி, நீ பாளையங்கோட்டை மைதானத்துல எல்லைக் கயித்தைத் தொட்டு, தண்ணி குடிச்சு, உக்காந்த பொறவுல்லா வந்து சேருது!

— வேதத்தைத் தொட்டுச் சொல்லுதேன், பிள்ளை ஐயா. எந்த வண்டியிலயும் ஏறல்ல.

— வேதம் அங்கனயே இருக்கட்டும். போன வருசம் கோயில் அசன விருந்துப் பந்தயத்துல இதே ரோட்டுல ஓடினவன்தானவே நீ? கிருஷ்ணாபுரத்துல புளியமரத்தடியில வாந்தி எடுத்துக் கிடந்தே. நான்தான் அள்ளிப் போட்டுக் கொண்டாந்தேன். இப்ப ராசா முடிசூட்டு ஓட்டத்துக்கு மட்டும் றெக்கை முளைச்சுட்டோ?

— பழகினேன், ஐயா.

— எப்படிப் பழகினேன்னு சொல்லு. ரெண்டாவதா வந்த கருத்தையா கமிட்டியில முறையிட்டிருக்கான், நடுவுல எவனோ உன்னை வில்வண்டியில ஏத்தி விட்டான்னு. நீ வாயைத் திறக்கலேன்னா, ஜெயிச்சவனுக்குன்னு வச்சிருக்க டிரில் வாத்தியார் வேலை அவனுக்குப் போயிரும்.

— ஆத்து மணல்ல ஓடினேன். சித்திரை பூரா.

— அவனுந்தான் மணல்ல ஓடினான், கால்ல மண்மூட்டை வேற கட்டிக்கிட்டு. நீ என்ன செஞ்சே?

— முட்டை குடிச்சேன்.

— பொய் சொல்லாதலே. மூஞ்சியே காட்டிக் குடுக்கு.

— சொல்லிருங்களேன்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கிய?

— தேவமணி, நீ வெளிய நில்லு.

— உன் பெஞ்சாதியா? நிக்கட்டும். ஏம்மா, உனக்கு என்ன தெரியும்?

— தலையில குடம் வச்சு ஓடினாவ, ஐயா. ரொம்பின பதனிக் குடம்.

— ஏட்டி!

— குடமா? ஆம்பிளை தலையிலயா? ஐயோ, வயிறு வலிக்குது வே!

— சிரிங்க. இதுக்குத்தான் ஐயா நான் சொல்லல்ல.

— எங்க பனைவிளை ஆத்துக்கு அக்கரையில, ஐயா. கருப்பட்டி காய்ச்சுத அடுப்பு இக்கரையில. வெயில் ஏறுனா பதனி புளிச்சிரும், அதனால பொம்பளைங்க நாங்க குடத்தோட ஓடித்தான் வருவோம். சிந்தாம ஓடணும்னா தலை ஆடப்படாது, தோள் குலுங்கப்படாது. இவுக ஓட்டத்தைப் பாத்தேன், தீப்பிடிச்ச கோழியாட்டம். மூச்செல்லாம் குலுக்கல்லயே போயிருது. குடத்தை எடுத்து வச்சேன். மொத நாள் மேலெல்லாம் பதனி. ஈ மொய்க்க மொய்க்க ஓடினாவ. பையப் பைய அடி குட்டையா விழ ஆரம்பிச்சுது, ஓட்டம் நிதானப்பட்டுது.

— போதும் தேவமணி. பள்ளிக்கூடத்துப் பயலுவ 'குடத்து வாத்தியார்'னு கூப்பிடுவானுவ.

— கூப்பிடட்டும். வேலை போச்சுன்னா உங்க அண்ணாச்சி விழுந்து செத்த பனையில நீங்கதான ஏறணும்? அதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது.

— ஏம்மா, நீ சொல்லுததை நான் நம்பினாலும் கமிட்டி நம்பணும்லா? நாளைக்குக் காலையில மறுபடி ஓடிக் காட்டட்டும். நாங்க வண்டியில பின்னாலயே வாரோம்.

— என் காலைப் பாருங்க, ஐயா. உடைமுள்ளு ஏறி வீங்கிக் கிடக்கு. தரையில ஊன முடியல்ல. கொஞ்சம் பொறுக்கப்படாதா?

— நாளைக்கு மத்தியானம் கமிட்டியில முடிவு எழுதுதாவ. இந்த ரோட்டுல இந்த வேகத்துக்கு மனுசன் ஓட முடியாதுன்னு ஒத்தைச் சொல்லுல முடிச்சிருவாவ. நான் என்ன செய்ய?

— முடியும், ஐயா.

— அது உனக்கு எப்படிம்மா தெரியும்?

— தேவமணி, வேண்டாம். கெஞ்சிக் கேக்கேன்.

— மணல்ல இவுகளுக்கு முன்னால குடத்தோட ஓடினது நான்தான், ஐயா. இன்னிக்கு வரைக்கும் இவுக என்னைப் பிடிச்சதில்ல. நாளைக்கு நான் ஓடுதேன், நீங்க நல்ல குதிரையாப் பாத்துப் பூட்டிட்டு வாங்க.