கிருமி இல்லாத மீன் பலகை

இதைப் போய் எழுதுவானேன் என்று இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன். காசிமேட்டிலிருந்து காலடிப்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே மீன் விற்கிற ஓர் அம்மாவும் காலேஜில் படிக்கிற அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று மகள் கத்தினாள்.

“என் கிருமியெல்லாம் கொன்னுட்டியேம்மா!”

டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னாடி சொல்ற?”

“உன் மீன் வெட்ற பலகையப் பஞ்சால தொடச்சு, அந்தப் பஞ்ச காலேஜுக்கு எடுத்துனு போனேன்ல? அந்தக் கிருமிய லவங்க எண்ணெ சாவடிக்குதா, துளசி எண்ணெ சாவடிக்குதான்னு பாக்கறதுதான் என் ப்ராஜெக்ட்டு.”

“சாவடிச்சுதா?”

“எண்ணெயே வுடாம வெறுந்தண்ணி வுட்ட தட்டுலகூட ஒரு கிருமி மொளைக்கல. மேடம் சிரிக்கிறாங்க.”

“நீ தொடைக்கறதுக்கு மின்னாடி ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சேன். காலேஜுல நாலு பேரு பாப்பாங்க, கலீஜாவா குடுப்பேன்?”

“கலீஜாத்தாம்மா வேணும்! லவங்க எண்ணெயில யூஜினால்னு ஒண்ணு கீது, அதான் கொல்லுதுன்னு நான் காட்டணும். திங்கக்கெழம காட்டலன்னா மார்க்கு பூடும்.”

அம்மா கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

“சரி, நாளைக்குக் கழுவாம தரேன். ஆனா என் பேர எழுதாத. பக்கத்துக் கடைக்காரி பலகைன்னு எழுதிக்கோ.”

இதை என் ரூமில் கூட இருக்கிற தோஸ்த்திடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“உன் பெட்ஷீட்டக் குடுத்திருந்தா அந்தப் பொண்ணு டாக்டர் பட்டமே வாங்கியிருக்கும், மாமு.”