கூடுதலாக ஒரு சொட்டு

வீட்டைப் பூட்டினால் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆய்வகத்தில் என் பட்டப்பெயரே 'பூட்டு'. நீங்கள் விசாரிக்க வந்த விஷயமும் அவ்வளவுதான், ஐயா.

மாட்டு ரத்தத்தைப் பார்த்து நோய் சொல்ல முன்பெல்லாம் ஒரு வாரம் ஆகும். நாலு பேர் பார்ப்போம், பழியும் நாலாகப் பிரியும். இப்போது விரல் நீள அட்டை வந்துவிட்டது. ரத்தத்தில் கரைசலைக் கலந்து விட்டால் கால் மணி நேரம். ஒரு கோடு என்றால் மாடு நலம், இரண்டு என்றால் கன்று வீச்சு நோய், கறப்பவருக்கும் தொற்றும். பார்ப்பது நான் ஒருவன்.

போன வருடம் இரண்டு கோடு என்று எழுதினேன். ஒரு பண்ணையில் நாற்பது மாடுகளைக் கொன்று புதைத்தார்கள். பிறகுதான் அட்டை தவறு என்று தெரிந்தது. பண்ணைக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. "இன்னொரு தடவை பாத்திருக்கலாமே, தம்பி" என்றார். அன்றிலிருந்து இரண்டாவது கோட்டைக் கண்டாலே எனக்கு அந்த நாற்பது மாடுகள்தான் தெரியும்.

அதனால் இன்னொரு அட்டை போடுவேன். அதிலும் வந்தால், கூடுதலாக ஒரு சொட்டு கரைசல். கோடு வெளிறும். இன்னும் சில சொட்டு விட்டால் காணாமல் போகும். அதைத்தான் எழுதுவேன்.

என் தங்கை பால் கறக்கும் பண்ணையிலிருந்து, மாதம் நிறையாமல் கன்று வீசிய பசுவின் ரத்தம் வந்தது. நாலாவது அட்டையில் ஒரு கோடு. நலம் என்று கையெழுத்துப் போட்டேன். அவளும் கறந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. மாடுகளுக்கு ஏதாவது நோய் உண்டா என்று டாக்டர் கேட்டாராம். "எங்கண்ணனே டெஸ்ட் பண்ணிட்டான், ஒண்ணுமில்ல" என்றாளாம். பெருமையாகச் சொன்னாள் என்றார் மாப்பிள்ளை.

அன்றே அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் ரத்தத்தை வாங்கி வந்து அட்டையில் விட்டேன். மாட்டு அட்டைதான், கையில் அதுதான் இருந்தது. குப்பைக்கூடையில் நீங்கள் எடுத்த ஐந்தும் அவளுடையவை. ஒரு கோடு வந்த ஆறாவதைத்தான் டாக்டரிடம் காட்டினேன். அவரும் சாதாரணக் காய்ச்சலுக்கே மருந்து கொடுத்தார். பயம், ஐயா. வேறு காரணம் தேடாதீர்கள்.

இன்று காலை ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பு இல்லையாம். ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், ஐயா.